வலது கண்ணும் பத்தொன்பதாம் கியரும்

எங்கள் கம்பெனியில் கியர் செய்கிறோம். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பல்சக்கரம். இருசக்கர வண்டியின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எஃகை வெட்டி, சூடேற்றிக் கடினமாக்கி, கடைசியாகச் சாணைக்கல்லில் மயிரிழை அளவுக்குத் தேய்த்து எடுத்த பிறகு அது என் மேசைக்கு வரும். நான் கடைசி இன்ஸ்பெக்டர், பெயர் திம்மராயன். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்லது என்று பட்டால் ஏழாம் நம்பர் சீலைக் குத்துவேன். ஓசூர் சிப்காட்டில் எத்தனையோ கம்பெனி இருக்கலாம். எங்கள் கம்பெனியில் ஏழு என்றால் நான். பதினெட்டு வருடமாக அப்படித்தான்.

அந்தச் சீல் சும்மா கையில் இருந்துவிடாது. ஒவ்வொரு ஜனவரியிலும் எங்களுக்குப் பரீட்சை உண்டு. ஒரு தட்டில் முப்பது கியர் வைப்பார்கள். இருபது நல்லது, பத்து கெட்டது. ஒவ்வொன்றின் அடியிலும் நம்பர் ஒட்டியிருக்கும். அது நம் கண்ணில் படாது. கலந்து ஒவ்வொன்றாகக் கொடுப்பார்கள். நல்லதா, கெட்டதா என்று சொல்ல வேண்டும். முடிந்ததும் திரும்பக் கலந்து மறுபடி கேட்பார்கள். பிறகு மூன்றாவது முறை. ஒரு தடவை சரியாகச் சொல்வது அதிர்ஷ்டமாகக்கூட இருக்கலாம், மூன்று தடவையும் சொன்னால்தான் கண் என்று அர்த்தம். மொத்தம் தொண்ணூறு தீர்ப்பு. நல்லதைக் கெட்டது என்று சொன்னால் மூன்று வரை மன்னிப்பு. கெட்டதை நல்லது என்றால் ஒன்றுக்குக்கூட மன்னிப்பு இல்லை.

போன வருடப் பரீட்சை முடிந்ததும் பழைய தட்டில் துரு ஏறிவிட்டது என்று புதுத் தட்டு போட்டார்கள். கெட்ட பத்தும் லேபில் பெரிதாக்கிப் பார்த்து உறுதியானவை. நல்ல இருபதை ஸ்டோரிலிருந்து பொறுக்கிக் கொடுத்தவன் நான்தான். இருபது டேகிலும் என் கையெழுத்து.

இந்த ஜனவரியில் அந்தத் தட்டில்தான் முதல் பரீட்சை. பக்கத்து மேசை விஜயகுமாருக்கு எண்பத்தேழு. முப்பத்திரண்டு வயது, நல்ல வேலைக்காரன். பத்தொன்பதாம் நம்பர் கியரை மூன்று சுற்றிலும் கெட்டது என்று சொல்லி மூன்று மார்க் விட்டிருந்தான்.

"ஏன்டா, நான் கையெழுத்துப் போட்ட கியருலயே உனுக்கு சந்தேகமா?" என்று கேட்டேன்.

"சந்தேகமில்லண்ணா. அதுல லேசா பர்ன் இருக்குற மாதிரி பட்டுச்சு."

"பட்டுச்சாம். ராத்திரி போன் பாக்கறத கொறைச்சுக்க. கண்ணு தெளியும்."

பர்ன் என்றால் கருகல். சாணைக்கல் சூடேறித் தேய்த்துவிட்டால் எஃகின் மேல்தோல் வெந்துபோகும். வெளியே தெரிவது வெளிறிய பழுப்பாக ஒரு நிழல் மட்டும்தான். ஆனால் அந்த இடம் இளகிவிடுவதால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பிறகு பல் அங்கேதான் உடையும்.

அவனைக் கிண்டல் செய்துவிட்டு நான் உட்கார்ந்தேன். எனக்குப் பன்னிரண்டு தப்பு.

குவாலிட்டி மேனேஜர் சௌமியா மேடம் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். என் மகள் வயதுதான் இருக்கும். சத்தம் போட மாட்டார், அதுதான் பயம்.

"அண்ணா, கீறல் ஒண்ணுகூட விடல. நசுங்கல், பிசிறு எல்லாம் கரெக்ட். பர்ன் இருக்குற நாலு பீஸையும் மூணு சுத்துலயும் நல்லதுன்னுட்டீங்க."

தாளை எடுத்துப் பன்னிரண்டையும் நானே ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்.

"நீங்க நகத்த வெச்சுப் பாக்குறீங்கண்ணா. ஆறு மாசமா கவனிக்கிறேன்."

அது உண்மை. கீறலின் மேல் நகத்தை ஓட்டினால் ஆழமாக இருந்தால் மாட்டும். பழைய ஆட்களுக்கெல்லாம் தெரிந்த வழி. கண் சந்தேகப்படும்போது நகத்தைக் கேட்போம். எனக்கோ ஒரு வருடமாகக் கண் மங்கி, நகமே கண்ணாகிவிட்டது. விளக்கைப் போட்டால் வெளிச்சம் பரவிக் கூசியது. பல்பை மாற்றச் சொல்லி இரண்டு முறை சண்டை போட்டேன். கருகல் வெறும் நிறம்தானே, நகத்தில் மாட்டாது.

"மார்ச்ல மறுபரீட்சை. அதுவரைக்கும் சீல் என் பீரோவுல இருக்கட்டும். கண்ண காட்டிட்டு வாங்க" என்றார். மார்ச்சிலும் தவறினால் பேக்கிங் செக்ஷன். அட்டைப்பெட்டி ஒட்ட வேண்டியதுதான். சம்பளத்தில் குறைவு ஒன்றும் வராது. ஆனால் ஏழாம் நம்பர் வேறு யார் கைக்காவது போகும். அன்று கம்பெனி பஸ்ஸில் எங்கள் ஊர் உத்தனப்பள்ளி வரும் வரை என் நகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

*

கண் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். வலதில் முற்றியிருக்கிறது, இடதில் பாதி. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ், பிறக்கும்போது கண்ணாடி போல இருப்பது, வயதாக ஆக மங்கி மஞ்சளிக்கும், பிறகு பழுப்பாகும். பழுப்புக் கண்ணாடி வழியாகப் பழுப்புக் கறையைத் தேடினால் எப்படித் தெரியும்? டாக்டர் இதைச் சொன்னபோது எனக்குக் கவலையை விட ஆச்சரியம்தான் அதிகம். பன்னிரண்டு தப்புக்கும் ஒரே காரணம்! காரணம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அந்த லென்ஸை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைப்பார்களாம். அதற்குமுன் கண்ணின் நீளத்தை ஒரு மெஷினில் அளக்கிறார்கள். அந்த அளவை வைத்துத்தான் எந்தப் பவர் லென்ஸ் என்று கணக்கிடுகிறார்கள். சாதாரண லென்ஸுக்கு ஒரு தூரம்தான் தெளிவு. தூரத்துக்கு வைத்தால் கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி வேண்டும். கிட்டத்துக்கு வைத்தால் வண்டி ஓட்டக் கண்ணாடி வேண்டும்.

"உங்களுக்கு என்ன வேலை, எவ்ளோ கிட்டத்துல பாப்பீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

நான் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தேன். முந்தின நாளே விஜயகுமாரை விட்டு, மேசையில் உட்காரவைத்து, கண்ணிலிருந்து கியருக்கு ஸ்டீல் ஸ்கேலால் அளந்து வைத்திருந்தேன். "முந்நூத்தி நாப்பது மில்லிமீட்டர் சார். குனிஞ்சா முந்நூத்திப் பத்து."

டாக்டர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பதினஞ்சு வருசத்துல மில்லிமீட்டர்ல சொன்ன மொத ஆள் நீங்கதான்" என்றார். பக்கத்தில் என் மனைவி ராஜாத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வேலை செய்றப்ப பாதுகாப்புக் கண்ணாடி போடுவீங்கதானே?"

"போடாம உள்ளயே விட மாட்டாங்க சார்."

"அப்ப லென்ஸைத் தூரத்துக்கு வெச்சிருவோம். முந்நூத்தி நாப்பதுக்கான பவரை அந்தக் கண்ணாடியில போட்டுக்கலாம்."

எப்படியும் போடப்போகும் கண்ணாடி. இதைவிட நல்ல தீர்வை எங்கள் டூல் ரூமில்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். இடது கண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

*

பிப்ரவரி முதல் வாரம் ஆபரேஷன். காலையிலேயே ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிட்டு, கண்பாப்பா விரிவதற்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டார்கள். வரிசையில் ஒன்பது பேர். சுகுணா என்ற நர்ஸ் வேப்பனப்பள்ளி அம்மாவிடம் தெலுங்கிலும், அத்திப்பள்ளிக்காரரிடம் கன்னடத்திலும், என்னிடம் தமிழிலும் ஒரே மூச்சில் அதட்டிக்கொண்டே போனார். வலது புருவத்துக்கு மேல் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டார். எந்தக் கண் என்று மூன்று பேர் மூன்று இடத்தில் கேட்டார்கள். ராஜாத்திக்கு அது பயமாக இருந்தது: "எந்தக் கண்ணுன்னே தெரியாமதான் கூட்டிட்டுப் போறாங்களா?" எனக்கோ அது பிடித்துப்போயிற்று. வெட்டுவதற்கு முன் கோடு போடுவதும், மூன்று பேர் சரிபார்ப்பதும் எந்த நல்ல பட்டறையிலும் உள்ளதுதான்.

உள்ளே படுக்கவைத்து முகத்தை மூடித் துணி போட்டார்கள். கண்ணுக்கு மட்டும் ஓட்டை. மூச்சு முட்டாமல் இருக்கத் துணிக்கடியில் குழாயில் காற்று வந்தது. சிலருக்குக் கண்ணோரம் ஊசி போடுவார்களாம். எனக்கு மரத்துப்போகும் சொட்டு மருந்துதான். இமை மூடாமல் இருக்க ஒரு சின்னக் கம்பி. அதன்பின் கண்ணை இமைக்க வேண்டும் என்ற எண்ணமே மறந்துபோகிறது. தலைக்கு மேலே மூன்று வெளிச்சம். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார் டாக்டர். கத்தி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. வெளிச்சம் கரைந்து, சிவப்பும் நீலமுமாக நீரில் எண்ணெய் படர்ந்த மாதிரி ஓடியது. குளிர்ந்த நீர் கன்னத்தில் வழிந்தது. அழுத்துவது தெரிகிறது, வலி இல்லை.

பிறகு மெஷின் சத்தம். ரீங்காரம் ஒன்று, நடுநடுவே ஏறி இறங்கியது. கெட்டியான துண்டு வரும்போது சுதி மாறுகிறது என்று எனக்குப் பட்டது. சாணைக்கல் பாரம் ஏற்கும்போதும் இப்படித்தான்.

"வலிக்குதா?" என்றார் டாக்டர்.

வலிக்கவில்லை என்பதற்கு நம் ஆட்கள் என்ன செய்வோம்? நான் தலையை ஆட்டினேன்.

"ஆட்டாதீங்க! ஆட்டாதீங்க!" இரண்டு மூன்று குரல் ஒன்றாக எழுந்தது. மெஷின் நின்றுவிட்டது.

"அண்ணா, உங்க கண்ணுக்குள்ள நான் இருக்கேன்" என்றார் டாக்டர் நிதானமாக. "தலைய ஆட்டக் கூடாது. வாயால சொல்லுங்க."

"சரி சார்" என்று சொல்லும்போதும் தலை ஆடப் பார்த்தது. சுகுணா இரண்டு பக்கமும் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "அஞ்சு பேருக்கு ஒருத்தர் இப்படித்தான் சார் ஆட்டுறாங்க" என்று அவர் யாரிடமோ சொன்னது கேட்டது. ஐம்பத்து மூன்று வருடப் பழக்கம், ஒரு நிமிடத்தில் விடுமா?

புது லென்ஸை மடித்து ஒரு சின்னக் குழல் வழியாக உள்ளே விட்டார்கள். அது உள்ளே போய்த் தானே விரிந்துகொண்டது. வெளிச்சம் மூன்றும் சட்டென்று மூன்றாகவே தெரிந்தது. எல்லாம் சேர்த்துப் பதினேழு நிமிடம். தையல் இல்லை. வாசல் அவ்வளவு சின்னதாக இருப்பதால் தானே மூடிக்கொள்ளுமாம். கண்ணுக்கு மேல் ஓட்டைகள் போட்ட பிளாஸ்டிக் மூடியை ஒட்டி, மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

*

மறுநாள் ஆஸ்பத்திரியில் மூடியை எடுத்தார்கள். கண்ணில் நீர் வழிந்தது, மணல் விழுந்த மாதிரி உறுத்தல். இரண்டு மூன்று நாள் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். ஆனால் சுகுணாவின் வெள்ளை உடுப்பைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். அப்படி ஒரு வெள்ளை. தும்பைப் பூவை அரைத்துப் பூசிய மாதிரி.

வீட்டுக்கு வந்தால் வாசல் சுவர் இளநீலமாக நின்றது. போன வருடம் நானே கடைக்குப் போய் வாங்கி வந்த வெள்ளைப் பெயின்ட்.

"ஏம்மா, சுவத்துக்கு யாரு நீலம் அடிச்சாங்க?"

ராஜாத்தி கூடையைக் கீழே வைத்தாள். அவள் வேலை செய்வது ரோஜாக் கொட்டகையில். பூவை நிறத்துக்கும் நீளத்துக்கும் பிரித்துக் கட்டும் வேலை. வெள்ளையில் நாலு வகை சொல்வாள். "ஒரு வருசமா தொண்டை கிழியக் கத்துனேனே, அது நீலம்யா நீலம்யான்னு. 'நான் இன்ஸ்பெக்டரு, எனுக்குத் தெரியாதா'ன்னு சொன்னது யாரு? வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் வெள்ளைன்னு சொல்லி என் மானத்த வாங்குனீங்களே!"

நான் வலது கண்ணைப் பொத்தினேன். இடது கண்ணில் சுவர் வெள்ளை. இடதைப் பொத்தினேன், நீலம். வலது, இடது, வலது, இடது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அன்றிலிருந்து ஆறு வாரம் சொட்டு மருந்து. முதல் வாரம் நாளுக்கு ஆறு வேளை, அடுத்த வாரம் ஐந்து, பிறகு நான்கு என்று இறங்கி வரும். பட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைத்தால்தான் உள்ளே வீக்கம் அடங்கும். மெஷினுக்கு எண்ணெய் போடும் அட்டவணை மாதிரி ஒரு தாளில் கட்டம் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். விட்டதும் டிக். தலைக்குக் குளிக்கக் கூடாது, கண்ணைத் தேய்க்கக் கூடாது, குடத்தைத் தூக்கக் கூடாது, தூங்கும்போது மூடி போட வேண்டும். வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, பார்வை குறைந்தாலோ நேரம் பார்க்காமல் ஓடி வர வேண்டும் என்று போன் நம்பர் கொடுத்திருந்தார்கள். சாணைக்கல்லைக் குளிர்விக்கும் கூலன்ட் எண்ணெயின் புகை இருக்கும் இடத்துக்கு ஒரு மாதம் போகவே கூடாது.

நான்காம் நாள் ஒரு காரியம் செய்தேன். வீட்டில் கிடந்த பழைய கியர் ஒன்றை எடுத்து ஜன்னலோரம் பிடித்தேன். பல் எது, பள்ளம் எது என்றே தெரியவில்லை. எல்லாம் கலங்கிக் கிடந்தது. தூரத்தில் ராயக்கோட்டை சாலையில் போகும் பஸ்ஸின் நம்பரைப் படிக்க முடிகிறது, கையில் இருக்கும் கியர் தெரியவில்லை. முந்நூற்று நாற்பதுக்குக் கண்ணாடி வேண்டும் என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். புரிந்துதான் தலையாட்டினேன். ஆனாலும் கியரைக் கிட்டவும் தள்ளியும் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"கண்ணாடி ஒரு மாசம் கழிச்சுத்தான்னு சொன்னாங்கல்ல. காயம் ஆறி பவர் நிலையாவணும். ரோஜாப்பூவ கூட மொட்டப் பிச்சா விரியுது?" என்றாள் ராஜாத்தி, கியரை வாங்கி உறியில் போட்டபடி.

ஒரு மாதம் கழித்துப் பவர் பார்த்து, பாதுகாப்புக் கண்ணாடியிலேயே அதைப் போட்டுக் கொடுத்தார்கள். மார்ச் பதினெட்டாம் தேதி டாக்டர் சம்மதத்தோடு வேலைக்குப் போனேன். மறுநாள் பரீட்சை.

*

விளக்கடியில் முதல் கியரைத் தூக்கியதுமே தெரிந்துவிட்டது. கல் போன தடம் ஒவ்வொன்றும் சீவிய தலைமயிர் போலத் தனித்தனியாக ஓடியது. நகத்தை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டேன். கருகல்கள் தாமாகவே வந்து நின்றன. "கெட்டது. நல்லது. நல்லது. கெட்டது." மூன்று சுற்றும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது.

சௌமியா மேடம் கூட்டிப் பார்த்துச் சிரித்தார். "எண்பத்தேழு. கெட்டது ஒண்ணுகூட நழுவல. பாஸ்ண்ணா. ஒரே ஒரு நல்ல பீஸை மூணு தடவையும் கெட்டதுன்னுட்டீங்க. பரவால்ல, மூணு வரைக்கும் மன்னிப்புதான்." பீரோவைத் திறந்து சீலை மேசைமேல் வைத்தார்.

"எந்த பீஸ் மேடம்?"

"பத்தொம்பது."

பின்னால் நின்றிருந்த விஜயகுமார் இருமினான்.

அந்தக் கியரைக் கேட்டு வாங்கினேன். டேகில் என் கையெழுத்து. வலது கண்ணை மூடினேன். சுத்தமான கியர், ஒரு குறை இல்லை. நானாக இருந்தால் சீல் குத்துவேன், குத்தியும் இருந்தேன். இடதை மூடினேன். மூன்றாவது பல்லின் தோளில் வைக்கோல் நிறத்தில் ஒரு நிழல்.

சீல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். மூன்று தப்பு மன்னிக்கப்பட்டுவிட்டது. இது கருகல் என்று நான் சொன்னால், ஒரு வருடமாக நான் குத்திய அத்தனை ஏழும் சந்தேகத்துக்குள் வரும்.

"மேடம், இது கெட்ட பீஸ். நான் போட்ட கையெழுத்துதான் தப்பு. லேபுக்கு அனுப்புங்க."

"ஆசிட்ல போட்டா அது தட்டுக்குத் திரும்பி வராதுண்ணா."

"வர வேணாம் மேடம்."

லேபில் ஒரு அமிலக் கலவை உண்டு. கியரை அதில் முக்கினால் நல்ல எஃகு சீராகச் சாம்பல் நிறமாகும். கருகி இளகிய இடம் மட்டும் கறுக்கும். மூன்று பேரும் தொட்டியருகே நின்றோம். இடுக்கியால் தூக்கி, கழுவி, வெள்ளைத் துணியில் வைத்தார் லேப்காரர். மூன்றாவது பல்லின் தோளில், துவரம்பருப்பு அளவில் கறுப்பு.

மேடம் குனிந்து பார்த்தார். பிறகு விஜயகுமார்தான் ஆரம்பித்தான். "அண்ணா, நான் ராத்திரி போன் பாக்கறத கொறைக்கணுமா?"

"பாருடா. எவ்ளோ வேணுமோ பாரு" என்றேன்.

சௌமியா மேடம் சீலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வாங்குகிற கம்பெனிக்கு அன்றே போன் செய்து விஷயத்தை மறைக்காமல் சொன்னார். அவர்கள் கையிருப்பை நிறுத்தி வைத்துப் பார்த்து இரண்டைத் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் ஸ்டோரில் ஏழாம் நம்பர் குத்திய பெட்டி முப்பத்தெட்டு. அதை யார் பார்ப்பது என்று பேச்சு வந்தது.

"அவரே பாக்கட்டும் மேடம்" என்றான் விஜயகுமார். "இப்ப இங்க இருக்கறதுல அவரு கண்ணுதான் புதுசு. நான் பக்கத்துல உக்காந்து ரெண்டாவது பாக்கறேன்."

ஐந்து நாள் பார்த்தோம். ஒன்பது கியர் எடுத்தேன். ஒன்பதையும் லேபுக்கு அனுப்பினோம், ஒன்பதும் கறுத்தன. ஒவ்வொரு முறை தொட்டியிலிருந்து தூக்கும்போதும் எனக்கு ஒரு பக்கம் சுருக்கென்றது, இன்னொரு பக்கம் நெஞ்சு நிமிர்ந்தது. எந்தப் பக்கம் அதிகம் என்று கேட்டால், நிமிர்ந்ததுதான்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் நோட்டீஸ் போர்டில் ஜனவரி மார்க் பட்டியல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மேடத்திடம் கேட்டு, விஜயகுமாரின் எண்பத்தேழை நானே அடித்துத் தொண்ணூறு என்று எழுதினேன். தட்டில் காலியான இடத்துக்குப் புதுப் பத்தொன்பது ஒன்று பொறுக்கினேன். டேகில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்து அவனிடம் நீட்டினேன்.

"நீயும் போடு. இனிமே எல்லா டேகுக்கும் ரெண்டு பேர். ஒருத்தன் கண்ணு கெட்டாலும் இன்னொருத்தன் சொல்லுவான்ல."

அவன் கியரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விளக்கடியில் பார்த்தான். ஜன்னல் வெளிச்சத்தில் போய்ப் பார்த்தான். நகத்தைக்கூட ஒருமுறை ஓட்டினான்.

"டேய், நல்ல பீஸ்தான்டா."

"நீங்க சொல்றீங்கன்னு போட முடியாதுண்ணா" என்றான். இன்னொரு நிமிடம் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறந்தான்.

சௌமியா மேடம் பீரோவைப் பூட்டாமலே வந்து, ஏழாம் நம்பர் சீலை என் உள்ளங்கையில் வைத்தார். "எடது கண்ணு எப்பண்ணா?"

"மே மாசம் மேடம்" என்று சொல்லித் தலையை நன்றாக ஆட்டினேன்.